நாலில் மூன்று பங்கு

இன்னும் மின்சாரம் கொடுக்கவில்லை.

மேசை மேல் ஓர் ஐசி. ஐசிஎல் 7106. கறுப்பு உடல். பக்கத்துக்கு 20 என்று 40 கால்கள். ஒரு முனையில் அரைவட்டக் குழிவு. கால்களின் எண்ணிக்கை அங்கிருந்து தொடங்குகிறது.

1ஆம் காலுக்கு பேட்டரியின் நேர்முனை. 26ஆம் காலுக்கு எதிர்முனை. 2 முதல் 25 வரை, 24 கால்கள், திரைக்குப் போகின்றன. எண்ணைக் காட்ட இத்தனை கால்கள் வேண்டியிருக்கின்றன.

அளக்க வேண்டியது நுழைவதற்கு இரண்டு. 30, 31.

கண் அந்த இரண்டின் மேல் நிற்கிறது.

*

சால்டரிங் அயர்ன் சூடாகிக்கொண்டிருக்கிறது.

முதலில் சாக்கெட். ஐசி அதன் கறுப்பு நுரைப் பஞ்சிலேயே இருக்கிறது. இது சிமாஸ் வகை. விரலில் தேங்கிய நிலைமின்சாரம் போதும், உள்ளே ஏதோ ஒன்று உடைய. உடைந்தாலும் வெளியில் தெரியாது.

விரல் நுனியைப் பார்க்கிறேன். ரேகைகள் மட்டும்.

*

சுற்று சிறியது. ரெசிஸ்டர்கள் நாலு. கெபாசிட்டர்கள் ஐந்து. ஒரு டிரிம்பாட். ஒரு 9 வோல்ட் பேட்டரி.

இவ்வளவு குறைவாக இருப்பதில் ஓர் அமைதி. ஒவ்வொன்றும் எதற்கென்று ஒரு தாளில் எழுதிவிடலாம்.

எழுதுகிறேன்.

47 கிலோ ஓம். 0.22 மைக்ரோ ஃபாரட். 0.47 மைக்ரோ ஃபாரட். 0.1 மைக்ரோ ஃபாரட். பேனா ஒவ்வொரு மதிப்பின் பின்னும் கொஞ்சம் நிற்கிறது.

*

பேட்டரி சேர்கிறது. திரையில் எண்கள்.

31ஆம் கால் இன்னும் எதோடும் சேரவில்லை. எண் அலைகிறது. கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் ஓர் எண். விலக்கினால் வேறோர் எண். மின்விசிறியைப் போட்டால் இன்னொன்று.

அளக்க எதுவும் கொடுக்காதபோது அறை முழுவதும் அதற்குள் நுழைகிறது.

இதைப் பழுது என்று சொல்லத் தோன்றவில்லை.

*

30ஐயும் 31ஐயும் ஒரு கம்பியால் சேர்க்கிறேன்.

000.

கழித்தல் குறி வருகிறது. போகிறது. வருகிறது.

பூஜ்யத்துக்கு இந்தப் பக்கம். பூஜ்யத்துக்கு அந்தப் பக்கம். இரண்டும் ஏறக்குறைய சமநேரம்.

குறி அசையாமல் ஒரே பக்கம் நின்றிருந்தால் சந்தேகம் வந்திருக்கும்.

*

ஒவ்வோர் அளவீட்டுக்கும் முன்னால், ஐசி வெளியுலகத்தை விட்டு விலகுகிறது.

உள்வரும் இரண்டு வழிகளும் அறுபடுகின்றன. உள்ளே அவை பொதுப்புள்ளியோடு சேர்கின்றன. ஒப்பிட வேண்டிய மின்னழுத்தம் 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரில் ஏறிக்கொள்கிறது. பிறகு தன்னைச் சுற்றி ஒரு வளையத்தை மூடி, தன் பெருக்கிகள் எவ்வளவு கோணலாக இருக்கின்றன என்பதை 0.47 மைக்ரோ ஃபாரடில் எழுதிக்கொள்கிறது.

எந்தப் பெருக்கியும் நேராக இல்லை. கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம். அதைத் திருத்துவதில்லை. எவ்வளவு என்று தெரிந்துகொண்டு, கழித்துவிடுகிறது.

நாளைக்கு வேறு வெப்பம். கோணலும் வேறு. அதற்குள் எத்தனையோ முறை எழுதி அழித்திருக்கும்.

*

ஒரு சுற்றுக்கு 4000 எண்ணிக்கை.

வெளியிலிருப்பதை உள்வாங்க 1000. இது மாறாது.

பூஜ்யத்துக்குத் திரும்பிவர 0 முதல் 2000 வரை. இது வந்ததைப் பொறுத்தது.

மிச்சமெல்லாம் தன் பூஜ்யத்தைப் பார்த்துக்கொள்ள.

வெளியே எதுவும் இல்லையென்றால் மிச்சம் 3000. நாலில் மூன்று பங்கு நேரம்.

முழு அளவு வந்து நிற்கும்போதும் 1000 தனியே ஒதுங்கியிருக்கிறது. அதை வேறெதுவும் எடுத்துக்கொள்வதில்லை.

இந்தக் கணக்கைப் பலமுறை எழுதிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பேனா 3000த்தில் தங்குகிறது.

*

27ஆம் காலில் ஆஸிலோஸ்கோப்பின் முனை.

ஒரு கோடு. தட்டையாகக் கிடக்கிறது. பிறகு சாய்ந்து விலகுகிறது. ஓரிடத்தில் திரும்புகிறது. வந்த இடத்துக்கே வருகிறது. மறுபடி தட்டை.

போகும்போது சரிவு ஒவ்வொரு முறையும் வேறு. நேரம் ஒன்றே.

வரும்போது சரிவு ஒன்றே. நேரம் வேறு.

வரும் நேரத்தை எண்ணினால் அதுதான் விடை. மின்னழுத்தம் எங்கேயும் நேராக அளக்கப்படவில்லை. திரும்பிவர எவ்வளவு நேரம் ஆனது என்பது மட்டும்.

*

0.22 என்று அச்சிட்ட கெபாசிட்டர். உண்மையில் 0.21 ஆக இருக்கலாம். 0.23 ஆக இருக்கலாம்.

பொருட்டில்லை.

சரிவு குறைந்தால் போகும்போதும் குறைகிறது, வரும்போதும் குறைகிறது. 47 கிலோ ஓமும் அப்படியே. எண்ணிக்கையை நடத்தும் துடிப்பு கொஞ்சம் மெதுவாக ஓடினாலும் அப்படியே. போன வழியிலேயே திரும்புவதால் வழியின் குறைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

மிஞ்சுவது ஒரே விகிதம். வந்தது, ஒப்பிட வைத்தது. ஒன்றின் கீழ் ஒன்று. பெருக்கல் 1000.

இதைக் கண்டுபிடித்த மனத்தைப் பற்றி யோசிக்கிறேன். துல்லியமான உறுப்புகளைத் தேடி அலையாமல், துல்லியமே தேவைப்படாத பாதையைத் தேடிய மனம். அதன் மேல் பெரிய மரியாதை.

யோசனை போகிறது.

*

கெபாசிட்டரில் ஒன்று மட்டும் அழிவதில்லை.

நினைவு.

ஏற்றிய மின்னேற்றத்தை முழுதாக இறக்கிய பிறகும் உள்ளே, மின்காப்புப் பொருளின் ஆழத்தில், கொஞ்சம் தங்கியிருக்கிறது. மெல்ல மேலே வருகிறது. முந்தைய அளவீடு இந்த அளவீட்டில் கலக்கிறது.

பாலிப்ரொப்பிலீன் குறைவாக நினைவில் வைக்கிறது. மைலார் அதிகம். செராமிக் வட்டுகள் இன்னும் அதிகம்.

மூன்றையும் மேசையில் வைக்கிறேன். பாலிப்ரொப்பிலீன்தான் உருவில் பெரியது. பலகையில் அதற்கென்று இடம் விட்டு வரைய வேண்டும்.

*

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஒப்பிட வைத்த மின்னழுத்தத்தையே அளக்கக் கொடுப்பது.

அதை அதனோடே ஒப்பிட்டால் 1000 வர வேண்டும். 999 அல்லது 1001 என்று நகர்ந்து நின்றால் பெரும்பாலும் அது கெபாசிட்டரின் நினைவு.

கம்பியை மாற்றுகிறேன்.

1000.

கொஞ்ச நேரம் வேறெதுவும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

*

இந்த அறையின் சுவர்களுக்குள் 50 ஹெர்ட்ஸ் ஓடுகிறது. குழல்விளக்கின் சோக்கில் அதன் முனகல் கேட்கிறது. அளக்கும் கம்பியிலும் அது ஏறிக்கொள்கிறது.

தடுக்க வேண்டியதில்லை. முழுச் சுற்றுகளாக உள்வாங்கினால் போதும்.

துடிப்பு நொடிக்கு 40,000. உள்ளே அது நாலால் வகுபட்டு 10,000. ஆயிரம் எண்ண 100 மில்லி நொடி. அதற்குள் 50 ஹெர்ட்ஸ் ஐந்து முழுச் சுற்று முடிக்கிறது. ஊஞ்சல் ஐந்து முறை போய்வந்து புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறது. முன்னே போனதும் பின்னே வந்ததும் கூட்டினால் ஒன்றுமில்லை.

60 ஹெர்ட்ஸ் ஓடும் ஊரிலும் அதே 100 மில்லி நொடி. அங்கே ஆறு சுற்று.

48,000 என்று பல வரைபடங்களில் இருக்கிறது. நொடிக்கு மூன்று முறை எண் மாறும். அது 60 ஹெர்ட்ஸுக்குப் பொருந்தும். இங்கே நாலு சுற்று முடிந்து, ஐந்தாவது ஆறில் ஒரு பங்கிலேயே அறுந்துவிடும்.

40,000 போதும். நொடிக்கு இரண்டரை முறை. மெதுவாக மாறும் எண்.

*

0.45ஐ ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் பெருக்கி வந்ததால் வகுத்தால் துடிப்பு.

100 பைக்கோ ஃபாரட் என்றால் ரெசிஸ்டர் 112.5 கிலோ ஓம் வேண்டும். கடையில் 110 உண்டு. 120 உண்டு. நடுவில் எதுவும் இல்லை.

110ஐ எடுக்கிறேன். பழுப்பு, பழுப்பு, மஞ்சள்.

*

ஒப்பிட வைப்பது 100.0 மில்லி வோல்ட். அப்போது முழு அளவு 199.9.

அது எங்கிருந்து வருகிறது? 32ஆம் காலிலிருந்து. பொதுப்புள்ளி. நேர்முனைக்குக் கீழே ஏறக்குறைய 2.8 வோல்ட்டில் அது தானே நின்றுகொள்கிறது. பேட்டரி மெல்ல இறங்கினாலும் அந்த இடைவெளி அப்படியே இருக்கிறது.

24 கிலோ ஓமும் 1 கிலோ ஓம் டிரிம்பாட்டும் தொடராக. 2.8 வோல்ட்டில் டிரிம்பாட்டின் பங்கு 112 மில்லி வோல்ட். அதில் 100ஐத் தேடி எடுக்க வேண்டும்.

ஸ்க்ரூடிரைவர் நுனி பித்தளைத் தலையில் உட்கார்கிறது. பல சுற்றுச் சுற்றினால்தான் ஒரு முனையிலிருந்து மறுமுனை. ஒரு சின்னத் திருப்பலுக்கு எண் அசைவதே இல்லை. இன்னும் கொஞ்சம்.

99.8.

மூச்சு தானாக நிற்கிறது.

100.0.

கையை எடுக்கிறேன். 100.1. உலோகத்தின் இறுக்கம் தளர்ந்திருக்கலாம். கையின் சூடு விலகியிருக்கலாம்.

*

அளப்பதெல்லாம் இந்த ஒன்றை நம்பி. மற்ற குறைகள் அழிந்தன. இது அழிவதில்லை.

பொதுப்புள்ளிக்கும் வெப்பத்துக்கும் ஓர் உறவு இருக்கிறது. ஒரு பாகைக்குப் பத்து லட்சத்தில் 80 பங்கு போல. காலையும் மதியமும் ஒரே எண் அல்ல, கடைசி இலக்கத்துக்கும் கீழே.

*

திரை. திரவப் படிகம். ஒளி இல்லை. இருக்கும் ஒளியை மறைப்பது மட்டும்.

படிகத்தின் மேல் நேர்மின்னழுத்தம் நின்றால் அது கெட்டுவிடும். அதனால் எதுவும் நிற்பதில்லை. பின்தகடு துடித்துக்கொண்டே இருக்கிறது, ஐந்து வோல்ட் ஏறி, இறங்கி. துடிப்பு 800ஆல் வகுபடுகிறது. 40,000 என்றால் 50. சுவருக்குள் ஓடுவதும் 50.

தெரிய வேண்டாத கோடு பின்தகட்டோடு சேர்ந்தே துடிக்கிறது. இடையில் வித்தியாசம் இல்லை. கண்ணுக்கும் எதுவும் இல்லை.

தெரிய வேண்டிய கோடு எதிராகத் துடிக்கிறது.

8 என்று பார்க்கும்போது ஏழு கோடுகள் எதிராக. 1 என்று பார்க்கும்போது இரண்டு. மற்ற ஐந்தும் துடித்துக்கொண்டுதான் இருக்கின்றன.

*

37ஆம் கால். அதை நேர்முனையோடு தொட்டால் எல்லாக் கோடுகளும் தெரியும். கழித்தல் குறியோடு 1888.

தொடலாம். வைத்திருக்கக் கூடாது. அப்போது துடிப்பு நின்று நேர்மின்னழுத்தம் வந்துவிடும். சில நிமிடங்களில் திரை போய்விடலாம்.

தொடுகிறேன். எல்லாம் தெரிகின்றன.

எடுக்கிறேன்.

*

தசமப் புள்ளிக்கு இந்த ஐசியில் கால் இல்லை. எங்கே புள்ளி வைப்பது என்று அதற்குத் தெரியாது. மில்லி வோல்ட்டா, பாகையா, ஆம்பியரா, அதுவும் தெரியாது. அதற்கு இருப்பது 0 முதல் 1999 வரை.

புள்ளியையும் எதிராகத் துடிக்கவைக்க வெளியே ஒரு கேட் வேண்டும். 4030இல் ஒரு கால்பகுதி.

மீதி மூன்று கேட்களும் சும்மா இருக்கும். அவற்றின் உள்வழிகளை மட்டும் அந்தரத்தில் விடக் கூடாது.

*

7107 இன்னொன்று. உள்ளே அதே ஏற்பாடு. திரை மட்டும் எல்இடி. சிவப்பு எண்கள். ஒரு கோட்டுக்கு 8 மில்லி ஆம்பியர்.

அங்கே ஒன்று நடக்கிறது.

1000 என்று காட்ட 20 கோடுகள் எரிகின்றன. 1111 என்று காட்ட எட்டு. இருபது எரியும்போது ஐசி சூடாகிறது. எட்டு எரியும்போது ஆறுகிறது. சூடு மாறினால் ஒப்பிட வைத்த மின்னழுத்தம் நகர்கிறது. அது நகர்ந்தால் எண் நகர்கிறது.

காட்டிய எண், காட்டப்போகும் எண்ணைத் தொடுகிறது.

டேட்டாஷீட் இதை ஓரிரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. அந்த வரிகளுக்குத் திரும்பத் திரும்ப வருகிறேன்.

ஒப்பிட வைப்பதை வெளியே, வேறோர் உறுப்பில் வைத்துவிட்டால் தீர்ந்தது. அங்கே எண்களின் சூடு போய்ச்சேராது.

*

7106 எனக்கு நெருக்கம். 10 மில்லி வாட்டுக்கும் குறைவாக எடுத்துக்கொள்கிறது. தொட்டுப் பார்த்தால் சூடு இல்லை.

*

அறியாத ரெசிஸ்டர் ஒன்று. அறிந்தது ஒன்று. இரண்டும் தொடராக, ஒரே மின்னோட்டம் இரண்டின் வழியே.

அறிந்ததன் மேல் விழும் மின்னழுத்தம் ஒப்பிட. அறியாததன் மேல் விழுவது அளக்க.

எத்தனை வோல்ட் என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. மின்னோட்டம் கூடினாலும் குறைந்தாலும் எண் ஒன்றே.

இப்போது டிரிம்பாட்டும் தேவையில்லை. பலகையில் அதன் இடம் வெறுமையாக இருக்கிறது. மூன்று துளைகள்.

*

ஒரு டிரான்ஸிஸ்டர். பேஸையும் கலெக்டரையும் சேர்த்துவிட்டால் டையோடு. ஒரு பாகை ஏறினால் ஏறக்குறைய 2 மில்லி வோல்ட் இறங்குகிறது.

ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளர். டிரான்ஸிஸ்டர் உள்ளே. எண் இறங்குகிறது. மெதுவாகிறது. நிற்கிறது. நின்ற இடத்தை 000.0 ஆக்குவது ஒரு டிரிம்பாட்.

ஐஸ் கரைந்துகொண்டே இருக்கிறது. எண் அசைவதில்லை. கடைசித் துண்டு இருக்கும்வரை.

பிறகு கொதிக்கும் தண்ணீர். 100.0. இது இன்னொரு டிரிம்பாட். கடல்மட்டத்துக்கு அருகில் மட்டும் செல்லும் கணக்கு. ஊட்டியில் தண்ணீர் முன்னதாகவே கொதித்துவிடும்.

இரண்டு புள்ளிகள். நடுவில் இருப்பதெல்லாம் நேர்கோடு என்று எடுத்துக்கொள்கிறோம்.

*

மழை தொடங்குகிறது. ஜன்னல் திறந்திருக்கிறது.

பலகையின் மேல் ஃப்ளக்ஸ் காய்ந்து மஞ்சளாக. ஈரக்காற்றில் அது கொஞ்சம் கடத்தும்.

நேர்முனையிலிருந்து 31ஆம் காலுக்கு 2.8 வோல்ட் இடைவெளி. நடுவில் அழுக்கு, 2.8 கிகா ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். எந்த மல்டிமீட்டருக்கும் அது தெரியாது. 1 நானோ ஆம்பியர் கசிகிறது. உள்வழியில் இருக்கும் 1 மெகா ஓமில் அது 1 மில்லி வோல்ட். திரையில் 10.

ஐசியின் உள்வழி தானாக எடுத்துக்கொள்வது வழக்கமாக 1 பைக்கோ ஆம்பியர். ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். பழைய பல்துலக்கும் பிரஷ். குளிர்ந்து ஆவியாகும் மணம். தேய்க்கிறேன். பச்சை மெல்லத் தெளிகிறது.

*

சிலிக்கானின் மேல் வளரும் ஆக்ஸைடு அழுக்கு என்று ஒருகாலத்தில் கழுவி எடுத்துவிடுவார்கள்.

ழான் ஹோர்னி, ஜெனீவாவில் பிறந்தவர், கலிஃபோர்னியாவில் ஃபேர்சைல்டில் இருந்தபோது அதை அப்படியே விட்டுவைத்தார். 1959. ஆக்ஸைடு மூடியிருந்த இடத்தில் கசிவு குறைந்தது. தூசி உள்ளே போகவில்லை. பிளேனர் முறை என்று அதற்குப் பெயர்.

1967இல் அவர் இன்டர்சில் நிறுவனத்தைத் தொடங்கினார். இந்த ஐசி பிறகு அங்கிருந்து வந்தது.

பிரஷ்ஷைக் கீழே வைக்கிறேன்.

*

பலகையை வரைகிறேன்.

துடிப்பின் கால்கள் 38, 39, 40. உள்வழி 30, 31. எதிரெதிர் மூலையில் இல்லை. இரண்டும் ஒரே வரிசையில். நடுவில் ஆறு கால்கள்தான்.

துடிப்பின் பாதையைக் குட்டையாக வைக்கிறேன். உள்வழியை வேறு பக்கம் திருப்புகிறேன். அதைச் சுற்றி ஒரு செம்பு வளையம், பொதுப்புள்ளியோடு சேர்த்து. கசிவு வந்தால் வளையத்தோடு நிற்கும்.

பென்சில் கோடு வளைகிறது. அழிக்கிறேன். அழித்த தடம் தாளில் இருக்கிறது.

*

அளவை மீறிக் கொடுத்தால் இடது ஓரத்தில் 1 மட்டும். மற்ற மூன்று இடங்களும் வெறுமை.

எவ்வளவு மீறியது என்று சொல்வதில்லை. கொஞ்சமா, அதிகமா. ஒரே 1.

*

9 வோல்ட் பேட்டரியின் புதுமை கொஞ்சம் தேய்ந்திருக்கும். எண்ணில் தெரியவில்லை.

எதுவும் கொடுக்கவில்லை. 30ஐயும் 31ஐயும் சேர்த்து வைத்திருக்கிறேன். ஸ்கோப்பில் தட்டையான கோடு. ஆயிரம் எண்ணிக்கை உள்வாங்குகிறது, எதுவும் இல்லை. திரும்பிவர நேரம் தேவைப்படவில்லை. மூவாயிரம்.

ஆயிரம். மூவாயிரம்.

கண்ணை மூடினால் இடைவெளி தெரிகிறது. திறந்தால் எண் மட்டும்.

*

ஒரு பழைய பென்டார்ச் செல்லை அளக்கிறேன். முன்னால் பத்துக்கு ஒன்றாகக் குறைக்கும் ரெசிஸ்டர்கள், மொத்தம் 10 மெகா ஓம். திரையில் 143.7.

143.8.

143.7.

கடைசி இலக்கத்தின் ஒரு படி 100 மைக்ரோ வோல்ட். ஐசியின் சொந்த இரைச்சல் ஏறக்குறைய 15. செல்லின் மின்னழுத்தம் 7க்கும் 8க்கும் நடுவில் எங்கோ விளிம்பில் நிற்கிறது. இரைச்சல் அதை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தள்ளுகிறது.

உள்வழியில் 0.01 மைக்ரோ ஃபாரட் இருக்கிறது. அதை 0.1 ஆக்கினால் வெளியிலிருந்து ஏறும் அசைவு குறையும். உள்ளிருப்பது குறையாது. எண் நிலைக்க இன்னும் கொஞ்சம் நேரமும் எடுக்கும்.

0.1 டப்பாவில் இருக்கிறது. சால்டரிங் அயர்ன் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. மாற்றுவதா என்று முடிவு செய்யவில்லை.

143.8.